தடைச் சொற்கள்

‘தண்ணி’ என்ற சொல்லைத் தடைப் பட்டியலில் சேர்த்தது அவள்தான்.

போன வாரக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்த பெரிய திரையில் ஒரு வரி வந்து தொலைத்தது. ‘எங்க தெருவுக்குத் தண்ணி எப்போ?’ கூடவே நாலு காலிக் குடங்களின் படம். சனம் கைகொட்டிச் சிரித்தது.

ஒருங்கிணைப்பாளர் தனசிங் அன்று அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

தண்ணி, குடிநீர், குழாய், தொட்டி. எப்படி எழுதினாலும் சிக்கும்படி உட்கார்ந்து சேர்த்தாள். இரண்டு நாள் வேலை.

“இப்பத்தாம்மா நீ வேலக்காரி,” என்றார் தனசிங்.

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தலைவர் பெயருக்கு முன்னால் டேக் போட்டு யார் எந்தத் தளத்தில் எழுதினாலும், அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து அவள் மடிக்கணினிக்கு வரும். தடைச் சொல் இருந்தால் தானாகவே மறைந்த பெட்டிக்குப் போய்விடும். மற்றவை திரைக்கு ஏறும். ஊரே எழுந்து நிற்பதுபோல் இருக்கும்.

இன்றும் வாழ்க, வாழ்க என்று ஓடிக்கொண்டிருந்தது.

மேடைக்குப் பக்கத்துக் கூடாரத்தில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். போன் வாசலில், அட்டைப் பெட்டியில். உள்ளே நடப்பது வெளியே போய்விடக் கூடாதாம்.

விடியற்காலையில் கிளம்பும்போது பாப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். நாலு வயது மகள். ராத்திரி தின்ற பரோட்டாவாக இருக்கும் என்று நினைத்தாள்.

“நீ போக்கா, நான் பாத்துக்கிடுதேன்,” என்றான் தம்பி இசக்கித்துரை.

“போன வாங்கி வச்சிருவாங்கலே. அவசரம்னா தலைவர் பேருக்கு டேக் போட்டு எழுது. நேரா என் கண்ணுக்குத்தான் வரும்.”

பாதி விளையாட்டாகத்தான் சொல்லிவிட்டு வந்தாள்.

மணி நாலு பத்து. தலைவர் மைக்கைப் பிடித்தார். அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

திரையில் பாப்பா இருந்தாள்.

தம்பி தன் கணக்குக்கு வைத்திருக்கும் படம்தான். கோயில் கொடை அன்று அவன் தோளில் உட்கார்ந்து சிரிக்கும் பாப்பா. பக்கத்தில் அவன் எழுதியது.

‘எக்கா, இனி அவசரம் இல்ல. மெதுவா வா.’

அவளுக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று இருந்தது.

மறைந்த பெட்டியைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் கிடந்தன. தம்பி பெயரைத் தேடினாள்.

பதினொன்று இருபது. ‘எக்கா, பாப்பாக்கு வாந்தி நிக்கல. பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டோம். தண்ணிதான் காரணம்ங்காங்க. போன எடு.’

பன்னிரண்டு ஐம்பது. ‘நம்ம தெருப் பிள்ளைக இன்னும் ஆறு பேரு இங்க கெடக்கு. எல்லாம் அதே தொட்டித் தண்ணி. பாப்பா உன்னத்தான் கேக்கா.’

இரண்டு முப்பத்தைந்து. ‘வாயில தண்ணி எறங்கல. அம்மா அம்மாங்கா. இப்பவே கெளம்புக்கா.’

மூன்று மணி நேரப் பயணம். பதினொன்று இருபதுக்குக் கிளம்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பாள்.

மேலே பாப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், தலைவரின் கூப்பிய கைகளுக்கு அருகில். திரை முழுக்க இதயங்கள் மிதந்தன. கூட்டம் எதற்கோ கைதட்டியது.

தனசிங் வேகமாக உள்ளே வந்து அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“யாரும்மா இது? அக்கா, மெதுவா வான்னு... இது எப்படி உள்ள வந்துச்சு? எந்த வார்த்தைய விட்டே?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அதுல தண்ணிங்கிற வார்த்தை இல்ல சார்.”