நீள மூக்கு கேமரா

"இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னுக்க நைனா. ம்... இப்ப என்னப் பாத்துப் புடி!"

கடை வாசலில் நின்றபடி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள் முத்துமாரி. அவள் சொன்னபடியே கேமராவை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு க்ளிக் அடித்தார் ஜவஹர். தி. நகரில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் சின்னக் கடை அவருடையது.

"பாரும்மா, எவ்ளோ தெளிவா வந்திருக்கு! தோட்டுல இருக்கிற கல்லுகூடத் தெரியுது" என்று பின்பக்கத் திரையை அவளிடம் நீட்டினார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. கேமராவையே பார்த்தாள்.

"இன்னா நைனா, இவ்ளோ சின்னதா கீது?"

"சின்னதா இருந்தாத்தாம்மா நல்லது, கை வலிக்காது. நிக்கான் டி3100. பழைய மாடல்தான், ஆனா பதினாலு மெகாபிக்சல். வீடியோவும் அருமையா வரும். க்ளிக் சத்தத்தக்கூடக் கொறச்சுக்கலாம். தூங்குற கொழந்தைய எழுப்பாமலே எடுக்கலாம்."

"சத்தம் வந்தா வரட்டும். அங்க கீழ கீதே, அது இன்னா?"

கீழ்த்தட்டில், நீளமான லென்ஸ் மாட்டிய கேனான் 1100டி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஜவஹர் அதை அரைமனதோடு எடுத்தார்.

"இதுவும் அந்தக் காலத்து மாடல்தான். பன்னெண்டு மெகாபிக்சல். வீடியோ அந்த அளவுக்கு வராது. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, உனக்கு நிக்கான்தாம்மா சரி."

"அது கெடக்கட்டும். இத வெச்சு ஒண்ணு அடி."

ஜவஹர் குறிபார்த்தார். மேலிருந்து ஃப்ளாஷ் துள்ளி எழுந்து கண்ணைப் பறித்தது. 'சட்டக்' என்று கடை முழுக்கக் கேட்டது. முத்துமாரி ஓர் அடி பின்வாங்கினாள். பிறகு அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இதையே குடு நைனா."

"அவசரப்படாதம்மா. இது ஒரு தடவ கல்யாண மேடையிலேர்ந்து கீழ விழுந்தது. வெளிய ஒரு கீறல் கெடையாது, ஆனா உள்ள..."

"வெளிய நல்லாக் கீதுல்ல?"

நாளைக்குத் தன் மேல் பழி வரக்கூடாது என்று, கேமராவின் குறையை ஒன்றுவிடாமல் விளக்கினார் ஜவஹர். முத்துமாரி பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும், லென்ஸைக் கழற்றாமல் அப்படியே பையில் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை.

முத்துமாரியின் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. சில மாதங்களாக, இடித்த கட்டடங்களின் கல்லையும் மண்ணையும் ஒரு லாரி அங்கே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குவியல் தடுத்ததால், பெய்யும் மழையெல்லாம் வடிய வழியில்லாமல் வீடுகளுக்குள் நுழைந்தது. பாதித் தெருவை ஏற்கெனவே, ஊருக்கு வெளியே அரசு கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை தண்ணீர் ஏறினால் மீதிப் பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தெருக்காரர்கள் போனில் படம் எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். படங்கள் நன்றாக வந்திருப்பதாக அதிகாரி பாராட்டினார். அதோடு சரி. போன வாரம் முத்துமாரி வீடியோ எடுக்கப்போக, லாரி டிரைவர் அவள் போனைப் பிடுங்கி ஆற்றில் வீசிவிட்டான்.

கேமரா வாங்கிய மறுநாள் காலை லாரி வந்தது. பின்பக்கம் உயர்ந்து, கற்கள் சரியத் தொடங்கின.

முத்துமாரி, தேய்த்த புடவையும் கழுத்தில் தொங்கும் கேமராவுமாகத் தெருவிலிருந்து இறங்கி வந்தாள். லாரிக்கு முன்னால் போய் நின்றாள். 'சட்டக்'. நம்பர் பலகை. 'சட்டக்'. டிரைவரின் முகம்.

"ஏய்! யாரு நீ?" என்று கத்திக்கொண்டே குதித்து வந்தவன், தன்னை நோக்கி நீண்டிருந்த லென்ஸைப் பார்த்ததும் நின்றுவிட்டான். போன வாரம் பார்த்த முகம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எக்கா... நீங்க எந்தப் பேப்பரு?"

முத்துமாரி ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, லென்ஸை மெதுவாகத் திருகினாள்.

"மூஞ்சிய இப்டிக்கா காட்டு."

ஃப்ளாஷ் மின்னியது. டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"எக்கா, புள்ளகுட்டிக்காரன்க்கா. பேப்பர்ல போட்றாதீங்கக்கா. மொதலாளி என்னத்தான் மாட்டிவுட்ருவாரு."

"அப்பக் கொட்டினத அள்ளு."

அவனும், கூட வந்த ஆட்களும் மூச்சிரைக்க அள்ளிப் போட்டார்கள். அன்று கொட்டியது போதாதென்று, முந்தின நாள் கொட்டியதிலும் கொஞ்சம் சேர்த்தே ஏற்றினார்கள். அவர்கள் வேலை செய்த நேரமெல்லாம் முத்துமாரி சுற்றிச் சுற்றி வந்து க்ளிக் அடித்துக்கொண்டிருந்தாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு லாரியைக் கிளப்பினான் டிரைவர்.

தெருவே விசிலடித்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மா ஓடிவந்து முத்துமாரியைக் கட்டிக்கொண்டாள்.

"அடியேய், கலக்கிட்டடி! அந்தாளு துண்டப் போட்டு மூடிக்கினான் பாரு, அந்தப் படத்தக் காட்டுடி! எல்லாருக்கும் வாட்ஸ்அப்புல அனுப்பலாம்!"

முத்துமாரி, லாரி பாலத்தில் ஏறி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குப்பம்மாவை அருகில் இழுத்து, காதோடு சொன்னாள்:

"கத்தாதடி, இது படமே புடிக்காது."