கடிக்காத எலி

வெள்ளை எலி மறுபடியும் ஆராய்ச்சி மாணவியின் கோட்டுப் பைக்குள் இறங்கிவிடுகிறது. அவள் அதைத் தூக்கி மேசைமேல் விடுகிறாள். தலைக்கு மேலே குழல்விளக்கு நொய்யென்று இரைகிறது. கூண்டுகளிலிருந்து மரத்தூளின் ஈர வாடை வருகிறது. எலி மீசையைத் துடைத்துக்கொண்டு, அவள் சட்டைக் கையைப் பற்றி ஏறி, சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி பைக்குள் போய்ச் சுருண்டுகொள்கிறது. எலியென்றால் மனுஷியைக் கண்டு ஓட வேண்டாமா? யாரை நொந்துகொள்ள? பயந்த எலியின் ரத்தம் சோதனைக்கு உதவாது என்று தினமும் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்துப் பழக்கியவள் அவளேதான். பக்கத்து அறையில் பேராசிரியை ஊசியோடு காத்திருக்கிறார். அதைப் போட்டால் எலி எழுந்திருக்கிற பேச்சே இல்லை.

“என்னம்மா, ஒரு எலிய எடுத்துட்டு வர இவ்ளோ நேரமா?”

“பையை விட்டு வரமாட்டேங்குது மேடம்!”

“அட, அவ்ளோ ஒட்டிக்கிச்சா? அருமையா பழக்கியிருக்கம்மா! அப்படியே பையோட கொண்டு வந்துடு.”

பாராட்டைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பைக்குள் கையை விட்டு, வேண்டுமென்றே அதன் வாலைக் கிள்ளுகிறாள். “கடிச்சுத் தொலையேன், சனியனே! ஒரே ஒரு தடவை கடியேன்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள்.

எலி திரும்பி, கிள்ளிய விரலை முகர்ந்துபார்க்கிறது. பிறகு அதன்மேலேயே தலையைச் சாய்த்துக்கொள்கிறது.