நாலாம் நம்பர்

மாமனாரின் அலமாரியில், மடித்த சட்டைகளுக்கு அடியில், பன்னிரண்டு சூப் பொடி பாக்கெட்! பன்னிரண்டும் நாலாம் நம்பர்!

மருமகளுக்குத் தலை கிறுகிறுத்தது.

மூன்று மாதம் முன்பு உணவுப் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பிடும் பொருளையெல்லாம் நாலாகப் பிரிக்கலாமாம். விளைந்தபடியே வருவது ஒன்று. எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டு. அதையும் இதையும் சேர்த்துப் பக்குவப்படுத்திய ரொட்டி, பாலாடைக்கட்டி வகையறா மூன்று. வாயில் நுழையாத பெயர்களைக் கொட்டித் தொழிற்சாலையில் செய்வது நாலு. வந்த கையோடு டப்பா டப்பாவாக நம்பர் ஒட்டினாள். நாலாம் நம்பர் மொத்தமும் குப்பைக்குப் போனது. விட்டிருந்தால் புருஷன் நெற்றியிலும் ஒன்றை ஒட்டியிருப்பாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் காய்கறி சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவாள். திரும்பி வந்து பரிமாறினால் பாத்திரம் துடைத்தாற்போல் காலியாகும். பாக்கெட் பொடி இல்லாமலே இந்த ருசியா என்று பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள். அந்தப் பேச்சு மாடி மாடியாக ஏறி, இன்று சாயங்காலம் குடியிருப்புப் பெண்கள் எட்டுப் பேர் ருசி பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் எட்டுச் சமையலறையிலும் நம்பர் ஒட்டலாம். அதற்காகத்தான் அவள் தவம் கிடந்தாள்.

அந்த நாள் பார்த்தா இது!

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, ரத்தக்கொதிப்பு இருக்கு. ஒளிச்சு வெச்சுக் குடிக்கணுமா மாமா?"

மாமனார் பழைய தையற்காரர், அதிர்ந்து பேசாத மனுஷர். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்பாளா? பன்னிரண்டையும் அவர் கண்ணெதிரே கிழித்துக் கொட்டினாள்.

சாயங்காலம் எட்டுப் பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் நீட்டிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். இன்னொருத்தி தண்ணீர் கேட்டாள். அன்றைக்குக் குடித்த மாதிரி இல்லையே என்று பக்கத்து வீட்டுக்காரி இழுத்தாள். மருமகளும் ஒரு வாய் குடித்தாள். காய் அலம்பின வெந்நீர்!

மாமனார் சட்டென்று முன்னால் வந்தார். நான்தான் தெரியாமல் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன், இவள் மேல் தப்பில்லை என்று எட்டுப் பேரிடமும் சொன்னார். அவர்களும் இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்து போனார்கள்.

அவர் தண்ணீர் ஊற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? அப்போதுதான் பொறி தட்டியது.

"அந்தப் பொடியை என் சூப்புலயா போட்டீங்க?"

தலையைக் குனிந்தபடியே விஷயத்தைச் சொன்னார். முதல் நாள் அவள் குளிக்கப் போனதும் ருசி பார்த்தாராம். மகனும் பேத்தியும் வாயில் வைக்க மாட்டார்கள், இவ்வளவு ஆசையாகச் செய்தவள் முகம் வாடிவிடுமே என்று பொடியைக் கலக்கினாராம். அப்புறம் நிறுத்த வழியில்லை.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

"அப்போ மூணு மாசமா நீங்களும் நாலாம் நம்பரைத்தானே குடிச்சீங்க? உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும் மாமா?"

"இல்லம்மா. பொடி போடறதுக்கு முன்னாடியே என் கிண்ணத்துல ஊத்தி வெச்சுக்குவேன். நீ சொன்னது சரின்னு எனக்குப் பட்டுச்சு. உன் சூப்பை நீ வெச்ச மாதிரியே குடிச்சது இந்த வீட்ல நான் ஒருத்தன்தான்."