புருஷன் பேரு

மல்லாட்டை மில்லில் கடலை உடைக்கும் வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்கள் காலை வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். "புருஷன் பேரு?" என்று குமாஸ்தா கேட்கும்போதெல்லாம் கேட்கப்பட்டவள் தலையைக் குனிந்துகொள்ள, பக்கத்தில் நிற்பவள் சிரித்தபடி சொல்லிவிடுகிறாள். அடி அண்ணாமலையிலிருந்து தனியாக வந்திருக்கும் தங்கம்மாளை இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள். "இன்னாம்மா, வாய் பேச வராதா?" வரிசை கொல்லென்று சிரிக்கிறது. அப்போதுதான் நிமிர்ந்த குமாஸ்தா, பொட்டில்லாத நெற்றியைக் கண்டு பேனாவைத் தாழ்த்துகிறார். "தருமன்" என்கிறாள் அவள். கூட வாழ்ந்த பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவள் வாயில் வராத பெயர், அவன் செத்து நாற்பது நாளுக்குப் பிறகு வருகிறது. கூப்பிட்டதாக நினைத்து அவன் வந்துவிடுவானோ என்பதுபோல், அவள் வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள்.