எட்டாவது கட்டுரை

கல்குவாரியைப் பற்றி வார இதழில் எழுதிய திரவியத்தின் கையை உடைத்துவிட்டு வரும்படி முதலாளி சொல்லியிருந்தார். எழுதும் கையை. தவசி இரும்புக் குழாயுடன் வந்தான். சொரிமுத்து குழாயோடு ஒரு புத்தகமும் கொண்டுவந்தான். சிறையில் இருந்த நான்கு வருடமும் அவருடைய கட்டுரைகளுக்காக வாராவாரம் காத்திருந்தவன் அவன். இப்போது அவை தொகுப்பாக வந்திருந்தன. ஜீப்பில் வரும் வழியெல்லாம் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்த திரவியத்தின் வாயில் தவசி குத்தினான். பல்லொன்று தரையில் விழுந்தது. இழுத்துவந்து மேசை முன் உட்காரவைத்தார்கள்.

“ஏலே, எந்தக் கையில எழுதுவாருன்னு கேளு.”

சொரிமுத்து புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து அவர் முன் வைத்தான். “ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.”

“கூறுகெட்ட பயலே, இப்பமா?” தவசி சிரித்தான்.

அவர் இருவரையும் பார்த்தார். பிறகு வலது கையால் பேனாவை எடுத்தார். எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணலாக விழுந்தன.

எட்டாவது கட்டுரை சொரிமுத்துவுக்கு மனப்பாடம். பள்ளியில் இடது கையால் எழுதியதற்காக வாத்தியார் பிரம்பால் விரல்களைப் பிளந்தும் திரவியம் கை மாற்றிக்கொள்ளவே இல்லை.

“வலது கைதான?” என்றான் தவசி.

சொரிமுத்து புத்தகத்தை மூடினான். “ஆமாண்ணே.”

அவனே அந்தக் கையை மேசைமேல் அழுத்திப் பிடித்தான். குழாய் மூன்று முறை இறங்கியது. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது. மூன்றாவதில் ரத்தம் அவன் முகத்தில் தெறித்தது.

தவசி வெளியே போனதும் சொரிமுத்து அவர் காதருகே குனிந்தான்.

“சார், இத மட்டும் எழுதிராதீங்க. முதலாளியும் படிப்பாரு.”