ஸ்ப்ரிங் மாப்பிள்ளை

"மோட்டாரைப் பார்த்துட்டு வாரேனுங்க" என்று ஆறுச்சாமி மறுபடியும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். பெண் பார்க்க ஆட்கள் வந்திருக்கும்போது பெண்ணின் அப்பா இப்படி நிலைகொள்ளாமல் அலைந்தால் என்ன அர்த்தம்? மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். கிருபாசங்கருக்கு இந்த அகராதி மனப்பாடம்.

கணபதி ஏரியாவில் அவன் சின்னப் பட்டறை வைத்திருந்தான். தெருவே பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் செய்து பிழைக்க, இவனுக்கு மட்டும் புத்தி வேறு பக்கம் போயிற்று. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கி மூத்திரப் பாதையை நெருக்கிவிடும். அந்த இடத்தில் வைக்க ஒரு டாக்டரோடு சேர்ந்து ஸ்டென்ட் செய்துகொண்டிருந்தான். பென்சில் கனத்தில் ஒரு கம்பிச் சுருள். உள்ளே வைத்து வெந்நீர் விட்டால் விரிந்து வழிவிட வேண்டும்.

முதலில் செய்தது சித்திரை வெயிலில் அவன் சட்டைப் பைக்குள்ளேயே விரிந்து பட்டனைத் தெறிக்கவிட்டது. இப்போதுதான் சொன்ன சூட்டுக்குச் சொன்னபடி கேட்கிறது. பட்டறையில் அவன் பேச்சைக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான்.

பெண் வீடுகள் கேட்கவில்லை. ஒரு வீட்டில் உண்மையைச் சொன்னதும் பெரியப்பா ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவர் தலையைத் தட்டுவதிலேயே நல்ல நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பலகாரத் தட்டையே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சொந்தபந்தத்தில் அவனுக்கு 'மூத்திர இன்ஜினீயர்' என்று பேர். பட்டறை போர்டிலேயே அப்படி எழுதிவிட்டால் வழி கேட்டு வருகிறவர்களுக்குச் சுலபம் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அதனால் இந்த முறை அம்மா நாச்சியம்மாள் காரில் வரும்போதே பாடம் எடுத்துவிட்டார். "தண்ணி அடைப்புக்கு ஸ்ப்ரிங் செய்யறேன்னு சொல்லிப்போடு கண்ணு. அதுல பொய்யே இல்லை."

பொள்ளாச்சியைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. காலையிலிருந்து ஊருக்கே கரண்ட் இல்லை என்று பெண்ணின் அம்மா விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். பெண் மோகனப்பிரியா காபி கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிருபாசங்கர் கைமுறுக்கைக் கடித்தான். எழுந்த சத்தத்தில் கூடமே திரும்பியது. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

அந்தச் சிரிப்பில் அவன் விழுந்துவிட்டான். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும். அதற்காகத் தென்னை மரத்தையே விழுங்கச் சொன்னாலும் விழுங்கலாம் என்று இருந்தது.

ஆறுச்சாமி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தம்பி ஏதோ ஸ்ப்ரிங் செய்யறீங்கன்னு தரகர் மயில்சாமி சொன்னாருங்க. எதுக்குன்னு கேட்டா சிரிக்கறாரு. எதுக்குங்க அது?"

"தண்ணி அடைப்புக்குங்க."

"எந்தத் தண்ணீங்க?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. அம்மா தொண்டையைக் கனைத்தார்.

"சொட்டுநீர்ப் பாசனத்துக்குங்க. குழாய்ல உப்புக் கட்டி அடைச்சுக்கும் இல்லீங்களா, அதுக்கு."

ஆறுச்சாமியின் முகம் தொங்கிப்போயிற்று. பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, காதோடு கேட்டார்.

"அது ஒண்ணுக்கும் ஆகாதுங்களா?"

கிருபாசங்கருக்குச் சுருக்கென்றது. ராத்தூக்கம் கெட்டுச் செய்ததை ஒன்றுக்கும் ஆகாதது என்கிறாரே மனுஷர். ஆனாலும் சொன்ன பொய்யைக் காப்பாற்றியாக வேண்டும்.

"ஆகாதுங்க. தென்னைக்கு மட்டுந்தானுங்க."

ஆறுச்சாமி நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டார். இன்னொரு தடவை மோட்டாரைப் பார்க்கப் போனார். வந்ததும் கை கூப்பி, வீட்டில் கலந்து பேசிச் சொல்லி அனுப்புவதாகவும், வெயிலில் இவ்வளவு தூரம் வந்ததற்கு ரொம்பச் சந்தோஷம் என்றும், வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' போட்டுச் சொன்னார். இந்தப் பக்கத்தில் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. 'ங்க' கூடக் கூடச் சம்பந்தம் தூரம் போய்க்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

செருப்பை மாட்டிய கிருபாசங்கர் கழற்றிவிட்டுத் திரும்பக் கூடத்துக்கு வந்தான். உண்மையைச் சொல்லித் தோற்றபோதுகூட இவ்வளவு கேவலமாக இருந்ததில்லை. பொய் சொல்லியும் தோற்கிறவன் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும்.

"ஏனுங்கய்யா, நான் சொன்னது பொய்யிங்க. அது தென்னைக்கு இல்லீங்க. வயசானவங்களுக்கு மூத்திரம் அடைச்சுக்கும் பாருங்க, அதுக்குத்தானுங்க."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து, அதுவரை அசையாமல் தொங்கிய ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

ஆறுச்சாமி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் 'ஒண்ணுக்கு'ன்னுதானுங்க கேட்டேன், மாப்பிள்ளை."