ஈரல் சூப்

"மறுபடியும் ஈரல் சூப்பா? கறி, முட்டை, பால் எதையும் தொட மாட்டேன்னு எத்தனை தடவைம்மா கத்துறது?" கிண்ணத்தைத் தள்ளினேன்.

"போன வருஷம் பி12 இல்லாம கை மரத்துப் போய் நின்னியே, மறந்துட்டியா? இலையும் தழையுமாத் தின்னா ரத்தம் எங்கடி ஊறும்?"

"அதான் தினமும் மாத்திரை போடறேனே! எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"மாத்திரையாம்! வெறும் சுண்ணாம்பு!"

தைவானின் தைனான் நகரில் தெருவுக்குத் தெரு சைவக்கடை இருக்கிறது. எங்கள் வீட்டு மேசையில் மட்டும் தினமும் போர்.

"அவ்வளவு நல்லதுன்னா நீயே குடி!"

"எனக்குப் பசியில்ல" என்று சொல்லி அம்மா எடுத்த கிண்ணம் கையிலிருந்து நழுவி உடைந்தது.

"விரலெல்லாம் மரத்துக் கிடக்குடி" என்றாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"பி12 ரொம்பக் கம்மி. உங்களை மாதிரி இவங்களும் சுத்த சைவமா?"

"இவங்களா? நல்லாக் கேட்டீங்க!" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"உனக்குக் கை மரத்தப்ப குவான்யின் அம்மன் கோயில்ல வேண்டிக்கிட்டேன். எம் பொண்ணைக் குணமாக்கு தாயே, சாகுற வரைக்கும் அவ தொடாத எதையும் நானும் தொட மாட்டேன்னு."

"அப்புறம் என்னை மட்டும் எதுக்கும்மா ஈரல் தின்னச் சொல்லி வதைச்சே?"

"வேண்டுதல் எனக்குத்தானே? உனக்கென்ன, நீ சாப்பிடலாமில்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டியது. கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்தேன்.

"வெறும் சுண்ணாம்புதான். வாயைத் திற!"